ஒன்பதாம் செவ்வாய்

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கோபமாக எழுதியிருக்கிறார். “கடிதம் தொலைந்தால் தபால்கந்தோரில் போய்க் கேட்க வேண்டும். உங்கள் லோரன்ஸ் எதற்காக ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் போய் நின்றான்? அவனுக்கு மூளை இல்லையா, எழுதுகிற உங்களுக்கு இல்லையா?”

அம்மா, இரண்டு பேருக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் லோரன்ஸ் மன்னார்ப் பேசாலையில் பிறந்தவன். நம் ஊரில் வாத்தியார் வேலைக்கு எம்பியின் துண்டு, அதாவது சிபாரிசுக் கடிதம், வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க எம்பியின் துண்டு வேண்டும். பஸ்ஸில் கொண்டக்டராக ஏறுவதற்கும் அதே துண்டுதான். அப்படி வளர்ந்தவன், கிரின்ஸ்டெட் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை எம்பி வந்து ஆட்களைச் சந்திக்கிறார் என்று கேள்விப்பட்டால் வீட்டில் சும்மா இருப்பானா?

போனான். பிரெபன் ஸ்கோவ்ஸன் என்ற அந்த டெனிஷ் எம்பிக்குத் துண்டு என்றால் என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் மனிதருக்குக் கடிதம் எழுதத் தெரியும். தபால் தலைமையகத்துக்கு இதுவரை மூன்று எழுதிவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இது 1989 மார்ச். லோரன்ஸின் மனைவி கத்தரீனாவும் ஐந்து வயது மகள் ஸ்ரெபானியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடக்கிறார்கள். அவர்களை இங்கே எடுக்க லோரன்ஸ் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடமாகத் தூங்கியது. நம் ஆட்களின் கோப்புகள் எல்லாமே அப்படித்தான் தூங்கின. இப்போதுதான் ஒவ்வொன்றாக அசைகின்றன. கலியாணப் பதிவும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் மூலப் பிரதியாக வேண்டும், மார்ச் முப்பத்தொன்றுக்கு முதல் வேண்டும் என்று வெளிநாட்டவர் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். கத்தரீனா எத்தனையோ சோதனைச் சாவடி தாண்டி மன்னாருக்குப் போய் அவற்றை எடுத்து, தை மாதம் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அந்தக் கடிதம் வரவே இல்லை.

‘செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு நல்ல செய்தியோடு வருகிறேன்’ என்று எம்பி தொலைபேசியில் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இதோ, செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

*

காலையிலிருந்தே வீடு மீன் மணத்தது. லோரன்ஸின் அக்கா அமலராணி கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தாள். தவக்காலம், அதுவும் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை. எம்பி வந்தாலும் சரி, ராணி வந்தாலும் சரி, அவள் சட்டியில் இறைச்சி விழாது. புருசன் ஸ்ரனிஸ்லாஸ் பகல் ஷிப்டுக்குப் போய்விட்டார். லோரன்ஸுக்கு இந்தக் கிழமை இரண்டு மணி ஷிப்ட், அதனால் வீட்டில் நின்றான்.

“அக்கா, எம்பி பேப்பர் வைக்கிறதுக்கு மேசை வேணும். அந்தோனியார் சுரூபத்தை யன்னலுக்கு மாத்தட்டே?”

சட்டி இரைந்த இரைச்சலில் அவளுக்கு முதலில் கேட்கவில்லை. கேட்டதும், கையில் அகப்பையோடு ஓடி வந்தாள்.

“தூக்காதை!”

தூக்கிவிட்டான்.

அமலராணிக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வருகிற எந்தக் கந்தோர்க் கடுதாசியையும் முதலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைப்பாள். ஸ்ரனிஸ்லாஸின் லைசென்ஸ் சோதனைக் கடிதம் அங்கே இருந்துதான் போனது, தேறினார். ஆகவே சுரூபத்தின் அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே கடுதாசி இருந்ததில் லோரன்ஸுக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு தடித்த அட்டைத் துண்டு மட்டும் தனியாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தான்.

மேலே ஒரு அரச முடியின் படம், அதன் கீழே தபால்காரர் ஊதும் கொம்பு. பேனாவால் அவனுடைய பெயர். ‘பதிவுத் தபால். இலங்கை. ஜனவரி 24, பத்தேகால் மணி. கதவு திறக்கப்படவில்லை. பதினான்கு நாட்களுக்குள் தபால்கந்தோரில் பெற்றுக்கொள்ளவும்.’ கீழே வில்லி என்று ஒரு கையெழுத்து.

லோரன்ஸ் அட்டையை அக்காவுக்கு நேரே நீட்டினான்.

“அக்கா. இது என்ன?”

“அது... நவநாள் முடியட்டுமெண்டு வைச்சனான்.”

“எப்ப வந்தது?”

“தை மாசக் கடைசி. நீயும் அத்தானும் வேலைக்குப் போட்டியள். மணி அடிச்சவன். ரெண்டு தரம் அடிச்சவன். நான் திறக்கேல்லை.”

“ஏன் திறக்கேல்லை?”

“ஆம்பிளையள் இல்லாத நேரம் மணி அடிச்சால் நான் எப்ப திறந்தனான்?” அமலராணி அகப்பையைக் கீழே வைத்தாள். “அடுப்பை நிப்பாட்டிப்போட்டு மூச்சுக் காட்டாமல் நிண்டன். கதவுத் துளைக்குள்ளாலை இந்தத் துண்டைப் போட்டிட்டுப் போனவன். எடுத்துப் பாத்தால் மேலை முடி. மற்றத் தெரு ஞானேஸ்வரியின்ரை தம்பியை நாட்டை விட்டுப் போகச் சொல்லி வந்த கடுதாசியிலையும் முடிதானே கிடந்தது? உன்னையும் அனுப்பப் போறாங்களெண்டு என்ரை ஈரக்குலை நடுங்கிப் போச்சு. உனக்குக் காட்டினால் நீ செத்திருவாய். ஒன்பது செவ்வாய் அந்தோனியாரிட்டைக் குடுத்து வைப்பம், அவர் மாத்துவார் எண்டு நேந்தனான்.”

“இது தபால்காரன்ரை துண்டு, அக்கா! கத்தரீனாவின்ரை கடிதம் வந்திருக்கு, வந்து எடு எண்டு எழுதியிருக்கு!”

“எனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியுமே? பதிவுத் தபாலெண்டால் தபால்காரன் கையிலை தந்து ஒப்பம் வாங்குவான். ஊரிலை அப்பிடித்தானே? கடிதம் வராமல் கடிதத்துக்கு ஒரு துண்டு வருமெண்டு ஆர் கண்டது?”

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. வந்த புதிதில் இந்தத் துண்டை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம்.

“ரெண்டு மாசமா நான் தபால் தபால் எண்டு கத்திறன்,” என்றான் லோரன்ஸ். “ஒருக்கா வாய் திறந்திருக்கலாமே நீ!”

அக்காவை அவன் நீ என்று சொன்னது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அமலராணி அதைக் கவனித்தாள். கோபப்படவில்லை.

“முதல் விளங்கேல்லைத் தம்பி. போன மாசம் நீ அத்தானுக்குச் சொன்னாய், ‘வில்லி துண்டு போட்டனெண்டு சொல்லுறான், பச்சைப் பொய்’ எண்டு. அப்பதான் விளங்கிச்சு. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை வந்து சொல்லுறது? எம்பி வரைக்கும் போயிட்டுது. ஒன்பது செவ்வாய் முடிய அவர் ஒரு வழி காட்டுவார், அப்ப சொல்லுவமெண்டு இருந்திட்டன். நித்திரை கொண்டு ஒரு மாசம்.”

“ஒன்பதாவது செவ்வாய் எப்ப?”

“இண்டைக்கு.”

லோரன்ஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜனவரி 24இலிருந்து பதினான்கு நாள். பெப்ரவரி ஏழோடு முடிந்தது. அதற்குப் பிறகு கடிதம் கொழும்புக்குத் திரும்பிப் போயிருக்கும், பழைய லொட்ஜுக்கு. பொலிஸ் வந்து ஆட்களைப் பிடித்து ஏற்றியதால் கத்தரீனா மாசி முதல் கிழமையே அந்த லொட்ஜை விட்டு ஓடிவிட்டாள். திரும்பிப்போன கடிதத்தை யார் வாங்கியிருப்பார்கள்? யார் கிழித்துப் போட்டிருப்பார்கள்?

பிறகு வில்லியின் முகம் நினைவுக்கு வந்தது.

இந்தத் தெருவுக்குப் பதினெட்டு வருடமாகக் கடிதம் கொண்டு வந்தவர் வில்லி. சிவப்பு ஜாக்கெட், மஞ்சள் சைக்கிள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். லோரன்ஸை வழியில் கண்டால், கடிதம் இல்லாத நாளில் தூரத்திலிருந்தே வெறுங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். வீணாக ஓடி வரவேண்டாம் என்று அர்த்தம். முத்திரை சேர்க்கிற மனிதர். இலங்கை முத்திரை என்றால் உயிர். கத்தரீனாவின் கடித உறைகளில் இருந்து முத்திரைகளை வெட்டி லோரன்ஸே அவருக்குக் கொடுத்திருக்கிறான்.

அந்த மனிதரைத்தான் பொய்யன் என்று எம்பியிடம் சொல்லியிருக்கிறான்.

“எம்பி வந்தவுடனை சொல்லுவம்,” என்றாள் அமலராணி. “நானே சொல்லுறன். என்னை மறியலிலை போட்டு அடைச்சாலும் பரவாயில்லை.”

மணி அடித்தது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, டெனிஷ்காரர் இதில் மட்டும் ஒரு நிமிசமும் பிசக மாட்டார்கள். அமலராணி பழக்கத்தில் அடுப்பை நிற்பாட்ட ஓடினாள். லோரன்ஸ் துண்டை அந்தோனியாரின் காலடியில் திரும்பச் சொருகி, சுரூபத்தை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

*

ஸ்கோவ்ஸன் வாசலில் குனிந்துதான் உள்ளே வருவார், அவ்வளவு உயரம். ஒரு காலத்தில் பால் பண்ணை வைத்திருந்தவர். சப்பாத்தைக் கழற்றியதும் வலதுகால் பெருவிரல் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நம் ஊர் எம்பிமாரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

“வாருங்கள் சேர்.”

“பிரெபன்.”

“ஓம் சேர்.”

‘சேர்’ வேண்டாம், பெயரைச் சொல் என்கிற இந்தச் சண்டை ஒன்றரை மாதமாக நடக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்தார். ஒரு கட்லெட்டைக் கடித்தார், கண்ணை மூடினார், இன்னொன்றை எடுத்தார். பிறகு பையைத் திறந்து இரண்டு கடுதாசிகளை மேசையில் வைத்தார்.

“கடைசியில் இறங்கி வந்துவிட்டார்கள், லோரன்ஸ். இதோ தலைமையகத்தின் பதில். துண்டு போட்டதாகத் தபால்காரர் சொல்கிறார், ஆனால் அதற்கு அவரிடம் சாட்சி இல்லை. துண்டு கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்து வைத்தால், கடிதம் தபாலில் தொலைந்ததாகப் பதிவு செய்து எழுத்தில் தருவார்கள்.”

“தந்தால்?”

“வெளிநாட்டவர் கந்தோரில் நேற்றே பேசிவிட்டேன். மூலப் பிரதி தபாலில் தொலைந்தது என்று உறுதியானால் போட்டோக் கொப்பியை ஏற்பார்களாம். உங்களிடம் கொப்பி இருக்கிறது. கோப்பு நகரும். கோடைக்கு உங்கள் மனைவி இந்த வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பார்.” அவர் சுவரில் இருந்த ஸ்ரெபானியின் படத்தைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் தேட வேண்டும்.”

லோரன்ஸும் திரும்பிப் பார்த்தான். மகளைக் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு ஒன்றரை வயது. இப்போது அவள் எவ்வளவு பாரம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது கடுதாசியை எடுத்து வாசித்தான். ‘எனக்கோ என் வீட்டில் உள்ள எவருக்குமோ இக்கடிதம் பற்றிய அறிவித்தல் எதுவும் கிடைக்கவில்லை என உறுதியாகக் கூறுகிறேன்.’

“வில்லிக்கு என்ன நடக்கும்?”

“இப்போதே வீடுவீடாகப் போகும் வேலையை எடுத்துவிட்டார்கள். தெருவில் இருக்கிற தபால்பெட்டிகளைத் திறந்து கடிதங்களை எடுத்து வருகிறார். நாளைக் காலை விசாரணை. அதற்காக நான் இந்தமுறை என் கடிதத்தில் ஒரு விசயத்தைச் சேர்த்திருக்கிறேன்.” ஸ்கோவ்ஸன் குரலைத் தாழ்த்தினார். “முத்திரை. அவர் இலங்கை முத்திரை சேர்க்கிறவர் என்று போனமுறை நீங்கள் சொன்னீர்களே? எனக்கு அப்போது படவில்லை. பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு காலம் ஒன்றும் தொலையாதபோது, முத்திரை கூடுதலாக ஒட்டிய இந்தப் பதிவுக் கடிதம் மட்டும் ஏன் தொலைந்தது?”

“சேர், அது நான்... அவர் நல்லவர் என்றுதான் சொன்னேன்.”

“எனக்குத் தெரியும். நீங்கள் எல்லாரையும் நல்லவர் என்றுதான் சொல்வீர்கள்.”

இவர் கெட்ட மனிதர் இல்லை, வாசகர்களே. தலைகீழாக நின்றாலும் நம் ஊரில் ஒரு எம்பி உங்கள் வீட்டுக்கு வந்து கட்லெட் சாப்பிட மாட்டார். ஒரு அகதிக்காக ஒன்றரை மாதம் சண்டை பிடித்திருக்கிறார். பிழையான ஆளோடு பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பு யார் என்றால், அந்தோனியாரின் காலடியில் கிடக்கிற துண்டும், அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிற நம் ஆளும்.

“நான் கையெழுத்து வைக்காவிட்டால்?” என்று லோரன்ஸ் கேட்டான்.

ஸ்கோவ்ஸன் கட்லெட்டைக் கீழே வைத்தார். “வைக்காவிட்டால் தொலைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. நாளை புதன். வியாழனில் இருந்து அடுத்த திங்கள் வரை ஈஸ்டர், நாடே பூட்டு. முப்பத்தோராம் திகதி வெள்ளி. கோப்பை மூடுவார்கள். திரும்ப முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள்?”

சொல்லு, லோரன்ஸ். எழுதுகிற எனக்கே கை பரபரக்கிறது. துண்டு எட்டி எடுக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

அவன் சொல்லவில்லை. அமலராணி சொன்னாள்.

குசினியிலிருந்து வந்தவள் நேரே யன்னலுக்குப் போனாள். சுரூபத்துக்குக் கீழே கையை விட்டாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு எம்பியின் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது மூக்குச் சிவந்திருந்தது.

“ஐயா, தபால்காரன்ரை பிழை ஒண்டுமில்லை. அவர் மணி அடிச்சவர். நான்தான் பயத்திலை கதவு திறக்கேல்லை. நான்தான் துண்டை ஒளிச்சு வைச்சனான். அந்த மனுசனைத் தண்டிக்க வேண்டாம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஸ்கோவ்ஸன் மரியாதையாகக் கதிரையில் நிமிர்ந்து இருந்து கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். பிறகு லோரன்ஸைப் பார்த்தார்.

“என்ன சொல்கிறார்?”

சேலைத் தலைப்புக்கு வெளியே அட்டையின் ஒரு மூலை தெரிந்தது. லோரன்ஸ் அதைப் பார்த்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

“ஒரு கோப்பி குடிப்பீர்களா என்று கேட்கிறார்.”

“ஓ, கட்டாயம்!” ஸ்கோவ்ஸன் அமலராணியைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டிச் சிரித்தார். இரண்டு கையாலும் அவளுடைய வெறுங்கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அமலராணிக்கு நம்ப முடியவில்லை. “மன்னிச்சிட்டாரே, தம்பி?”

“ஓம் அக்கா.”

“உண்மையாவோ?”

“உண்மையாத்தான். மன்னிச்சிட்டார். கோப்பி ஊத்துங்கோ.”

அவள் விம்மி விம்மி அழத் தொடங்கினாள். ஒரு மாதமாக அடக்கி வைத்த அழுகை. அழுதுகொண்டே கோப்பி ஊற்றினாள், பாதி தட்டில் விழுந்தது.

“ஏன் அழுகிறார்?”

“சந்தோசத்தில், சேர்.”

ஸ்கோவ்ஸன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. லோரன்ஸ் பேனையை எடுத்தான். கடுதாசியின் அடியில் தன் பெயரை எழுதினான். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவனுக்குப் பயமாக இருந்தது.

“மூலையில் இருக்கிற பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போகிறேன்,” என்றார் ஸ்கோவ்ஸன், அதையும் தன் கடிதத்தையும் ஒரு உறையில் போட்டு ஒட்டியபடி. “நாளைக் காலை விசாரணைக்கு முதல் அவர்கள் கையில் கிடைத்துவிடும்.”

*

யன்னல் ஊடாக லோரன்ஸ் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்கோவ்ஸனின் பழைய வொல்வோ தெருமூலையில் நின்றது. நீண்ட கை ஒன்று வெளியே வந்தது. சிவப்புப் பெட்டிக்குள் உறை விழுந்தது. கார் திரும்பிப் போய்விட்டது.

பின்னால் அமலராணி ஒன்பதாவது மெழுகுதிரியைக் கொளுத்தினாள். முகம் கழுவித் தெளிந்திருந்தாள்.

“எவ்வளவு நல்ல மனுசன்! ஒரு சொல்லு ஏசேல்லையே. அப்ப தபால்காரனுக்குத் திரும்ப வேலை குடுப்பினம்தானே?”

“ம்.”

“நீ என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனி?”

“அதுக்குத்தான் அக்கா.”

இந்தப் பொய்க்கு மெழுகுதிரியே அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. டெலிபோன் அடித்தது.

“ஹலோ? இஞ்சருங்கோ, நான்தான். கேக்குதே?”

கத்தரீனா. இரைச்சலுக்கு நடுவில் அவளுடைய குரல், சின்னப் பிள்ளையின் குரல்போல் துள்ளிக்கொண்டு வந்தது. பின்னால் யாரோ சிங்களத்தில் சத்தம் போட்டார்கள்.

“என்ன கத்தரீனா? பிள்ளைக்கு ஏதும்...”

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. வியாழனிலை இருந்து இஞ்சை கர்த்தால், எல்லாம் பூட்டு. இண்டைக்குத்தான் ஒரு டெலிபோன் கடை திறந்தவன். மூண்டு நிமிசம்தான் தந்திருக்கிறான். கேளுங்கோ, கடிதம் கிடைச்சிட்டுது!”

“எந்தக் கடிதம்?”

“உங்களுக்குப் போட்ட கடிதம்தான்! திரும்பி வந்திருக்கு. பழைய லொட்ஜ் மேரிகிறேஸ் அக்கா வாங்கி வைச்சிருந்தவ. போன செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்லை என்னைக் கண்டு கையிலை தந்தவ. உடைக்கவும் இல்லை. கலியாணப் பதிவு, பிள்ளையின்ரை பத்திரம், ஒண்டும் குறையேல்லை.”

லோரன்ஸ் ரிசீவரைக் காதோடு அழுத்தினான். மூலப் பிரதி இருக்கிறது. முழுதாக இருக்கிறது.

“கத்தரீனா, அதை வைச்சிரு. ஒருத்தருக்கும் குடுக்காதை. நான் சொல்லுற வரைக்கும்...”

“அனுப்பிட்டன்.”

“என்ன?”

“புதன்கிழமையே அனுப்பிட்டன். உங்கடை விலாசத்துக்குப் போட்டால் அந்தத் தபால்காரன் திரும்பவும் களவெடுப்பான். அதாலை எம்பியின்ரை விலாசத்துக்குப் போட்டனான். நன்றி எழுதச் சொல்லி நீங்கள்தானே அவரின்ரை விலாசம் அனுப்பினீங்கள்? எம்பிக்கு வாற கடிதத்தை ஆர் மறிக்கிறது?”

“பத்திரத்தை மட்டுமே அனுப்பினனி? இல்லாட்டி...”

“கவரோடை அப்பிடியே இன்னொரு கவருக்குள்ளை வைச்சனான். அதிலை டெனிஷிலை ஏதோ ஒட்டியிருக்கு. திகதி போட்டு ரெண்டு மூண்டு சீல் குத்தியிருக்கு. அதைப் பாத்தால் தபால்காரன்ரை வண்டவாளம் எம்பிக்கு விளங்குமெண்டு மேரிகிறேஸ் அக்கா சொன்னவ. ஈஸ்டர் முடிய, புதன் வியாழனுக்குள்ளை வந்திடும், முப்பத்தோராந் திகதிக்கு முந்தி. பயப்படாதேங்கோ. எல்லாம் சரி வந்திட்டுது! இந்தாங்கோ, பிள்ளை கதைக்கப் போறாளாம்.”

“அப்பா,” என்றது ஒரு சின்னக் குரல். “எம்பி மாமாவின்ரை பேரைக் கவரிலை நான்தான் எழுதினனான்.”

லைன் அறுந்தது.

லோரன்ஸ் ரிசீவரைக் கையில் வைத்தபடி நின்றான். அரை மணித்தியாலம். கத்தரீனாவுக்கு அரை மணித்தியாலம் முதல் லைன் கிடைத்திருந்தால், அவன் பொய் சொல்லியே இருக்க வேண்டாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம், பத்திரமும் நேரத்துக்கு வந்திருக்கும், பிள்ளையும் வந்திருக்கும். இப்போது பத்திரம் வரும். கூடவே ‘துண்டு போடப்பட்டது, எடுக்க யாரும் வரவில்லை’ என்று திகதியோடு அந்த உறையும் வரும், அவன் கையெழுத்துக்கு நேர் எதிராக. பொய்க் கையெழுத்து வைத்தவனின் விண்ணப்பத்தை எந்தக் கந்தோர் பார்க்கும்?

“என்னவாம்?” என்றாள் அமலராணி.

“துலைஞ்சதை அந்தோனியார் தேடித் தந்திட்டார், அக்கா,” என்றான். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவன் வெளியே ஓடினான். சப்பாத்துப் போட நினைவில்லை. மழையும் பனியும் கலந்து சரிந்துகொண்டிருந்தது. தெருமூலைக்கு வந்தபோது காலுறை ஊறிப்போயிருந்தது. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. இரும்பு தோலை உரித்தது. விரல் நுனியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பெட்டியை ஒரு முறை உலுக்கினான், அது அசையவில்லை. எதிரே நாயோடு போன ஒரு டெனிஷ் கிழவி நின்று பார்த்தாள். கையை வெளியே எடுத்தான்.

பெட்டியின் நெற்றியில் அதைத் திறக்கும் நேரம் எழுதியிருந்தது. செவ்வாய், 16.30.

இரண்டு மணிக்கு ஷிப்ட். இங்கே பஸ்ஸும் அடிக்கடி இல்லை, இப்போதே புறப்பட்டால்தான் பிந்தாமல் போகலாம். போனால், பெட்டியில் இருக்கிற உறை நாளைக் காலை விசாரணை மேசையில் இருக்கும். அவனுடைய பொய்யும், வில்லியைக் கள்ளனாக்குகிற எம்பியின் கடிதமும் ஒரே உறையில் இருக்கும். நின்றால், அந்த உறையைத் திருப்பித் தா என்று ஒரு ஆளிடம் கேட்க வேண்டும். ஏன் என்று அந்த ஆள் கேட்பார். சொல்ல வேண்டும்.

இந்தத் தெருப்பெட்டிகளை இப்போது யார் திறக்கிறார் என்று எம்பி சொன்னது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

நாலரைக்கு வில்லி சாவியோடு வருவார். லோரன்ஸ் ஈரக் காலுறையோடு பெட்டிக்கு முன்னால் நின்றான்.